குரங்கம்மை: ஊசிக்கு முன்னால் போக வேண்டியது தகவல்

வேப்பிலைக்கு உள்ளே

கொத்தமங்கலம், காரைக்குடிப் பக்கம் வெளிநாட்டு வேலைக்குப் போய்வருவது புதிதல்ல. அதனால் குரங்கம்மையை எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் நோய் என்று ஒதுக்க முடியாது. 2022 ஜூலையில் கொல்லத்தில் கண்டறியப்பட்ட இந்தியாவின் முதல் நோயாளி அமீரகத்திலிருந்து வந்தவர். 2024 செப்டம்பரில் மலப்புரத்தில் 1பி வகைக் கிருமியோடு கண்டறியப்பட்டவரும் அங்கிருந்து திரும்பியவரே. காய்ச்சலோடு கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். பிறகு கொப்புளம் வரும். சின்னம்மையில் இப்படி நெறி கட்டுவது குறைவு. அம்மை கண்டால் நிலையில் வேப்பிலை செருகி வெளியாளைத் தடுக்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த வழக்கம் பாதி சரி. ஆனால் இந்த நோய் முக்கியமாகத் தோலோடு தோல் உரசுவதாலும், உடலுறவாலும், கொப்புள நீரும் பொருக்கும் பட்ட துண்டு, படுக்கை விரிப்பாலும் பரவுகிறது. நெருங்கி முகம் பார்த்துப் பேசினாலும் தொற்றலாம். வாசலில் தெருவைத் தடுத்துவிட்டு, உள்ளே உடம்பு துடைத்துத் துணி அலசும் தாயையோ மனைவியையோ கையுறைகூட இல்லாமல் விட்டுவிடுகிறோம். நோயாளிக்குப் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை, கவனிப்பவருக்கு ஆபத்து உண்டு.

எல்லோருக்கும் ஏன் ஊசி இல்லை?

பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையையும் பெருமளவு தடுத்தது. பெரியம்மை ஒழிந்ததும் அது நின்றதால், 1980க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. குரங்கம்மைக்கு இன்று உள்ள எம்.வி.ஏ.-பி.என். ஊசியின் மூலக் கிருமி, கோழிக் கருவின் செல்களில் 500 முறைக்கு மேல் வளர்க்கப்பட்டு, மனித உடலில் பெருகும் திறனை இழந்தது. நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும். 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு முன்தகுதி அளித்தது. அதே ஆண்டு இதை இந்தியாவில் தயாரிக்க சீரம் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

அப்படியானால் ஊருக்கே போட்டுவிடலாமே என்பது நியாயமான கேள்வி. கொரோனாவைப் போலக் கூட்டத்தில் மளமளவென்று பரவாத நோய்க்கு, அளவாகக் கிடைக்கும் மருந்தை ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுப்பது வீண் என்பேன். பெரியம்மையின் கடைசிக் கட்டத்தில் இந்தியா வீடு வீடாகத் தேடியது, தகவல் சொன்னவருக்குப் பரிசு தந்தது, நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கு ஊசி போட்டது. குரங்கம்மைக்கும் அதுவே பொருந்தும். தொற்றாளரோடு பழகிய நான்கு நாளுக்குள் ஊசி போட்டால் பலன் அதிகம். ஆனால் யார் யாரைத் தொட்டார் என்பது தெரியாமல் அந்த நான்கு நாளை எங்கிருந்து எண்ணுவது?

சொல்லத் தயங்கினால்

சொன்னால் ஊர் ஒதுக்கிவிடும் என்ற அச்சம் பொய்யல்ல; ஆனால் சொல்லாமல் விடுவதற்கும் விலை உண்டு. 2022 ஜூலை கடைசியில் திருச்சூரில் 22 வயது இளைஞர் இறந்தார். அமீரகத்திலேயே தொற்று உறுதியான விவரம், மருத்துவமனைக்குக் கடைசிக் கட்டத்தில்தான் தெரிந்தது. அதற்குள் பழகியவர்களைத் தேடும் நாட்கள் கைநழுவின. வெளிநாட்டிலிருந்து வந்து 21 நாளுக்குள் காய்ச்சலோ கொப்புளமோ கண்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். மருத்துவரிடம் பயணத்தையும் நெருக்கமாகப் பழகியவர்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.