கூடுதல் கணிதமா? டியூசன் இல்லாமலும் தேறலாம்!

"கூடுதல் கணிதமா? டியூசன் போகாமல் அதில் தேறவே முடியாதே!"

பிள்ளைகள் படிவம் நான்கில் காலடி எடுத்து வைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிகாமட் பட்டணத்தில் குடியிருப்பவர்களுக்கு டியூசன் என்பது பணச் சிக்கல். பத்து அன்னம், ஜெமந்தா, பூலோ காசாப், லாபிஸ், பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கோ பணத்தோடு பாதையும் சிக்கல். இரவு வகுப்பு முடிந்ததும் பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, யார் போய் அழைத்து வருவது? விடியுமுன் வேலைக்கு எழ வேண்டிய அப்பா, செம்பனைக் காட்டு வழியே மோட்டார் சைக்கிளில் எத்தனை நாள்தான் போய் வருவார்? கடைசியில், "அந்தப் பாடமே வேண்டாம், விட்டுவிடு" என்று முடிவாகிவிடுகிறது.

பாடத்தை விடுவது எளிது. ஆனால் அதோடு சேர்ந்து எவையெல்லாம் கைவிட்டுப் போகின்றன என்று யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பொறியியல் படிக்க வேண்டும், கணினித் துறைக்குப் போக வேண்டும் என்று பின்னால் ஆசை வரும்போதுதான், எஸ்.பி.எம். சான்றிதழில் கூடுதல் கணிதம் இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. பதினாறு வயதில் பயந்து எடுத்த முடிவு பதினெட்டு வயதில் வழியை மறிக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளே, முடிவெடுக்குமுன் சற்று அமர்ந்து இதைப் படியுங்கள்.

இந்தப் பாடம் ஏன் கசக்கிறது? படிவம் நான்கில் 10 அத்தியாயம், படிவம் ஐந்தில் 8 அத்தியாயம். சார்பு, இருபடிச் சார்பு, மடக்கை, வெக்டர், வகையீடு, தொகையீடு என்று பெயர்களே மிரட்டும். ஆனால் விடைத்தாளைக் கூர்ந்து பார்த்தால் பிள்ளை சறுக்கி விழுந்த இடம் பெரும்பாலும் அந்தப் புதிய பெயர்களில் இருக்காது. பழைய கணக்கில் இருக்கும்! ஒரு சிறு சோதனை வையுங்கள். 3 − 2(எக்ஸ் − 4) என்பதைச் சுருக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 3 − 2எக்ஸ் − 8 என்று எழுதிவிடுவார்கள். சரியான வரி 3 − 2எக்ஸ் + 8. அதாவது 11 − 2எக்ஸ். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி, உள்ளே இருக்கும் கழித்தலைக் கூட்டலாக்கும் என்பது படிவம் நான்கின் பாடமன்று; அதற்கு முன்பே கற்றிருக்க வேண்டியது. இந்த ஒரு குறி புரண்டால் பத்து வரி வகையீட்டுக் கணக்கும் புரண்டுவிடும். பிள்ளையோ, "எனக்கு வகையீடு வராது" என்று நினைத்துக்கொள்கிறது.

இப்போது இன்னொரு தொல்லையும் உண்டு. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் நீக்கப்பட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 சோதனை 2022இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் அடித்தளத்தில் ஓட்டை இருந்தால் அதை ஊரறியக் காட்டிக் கொடுக்க அந்தப் பழைய சோதனைகள் இப்போது இல்லை. படிவம் நான்கில் கூடுதல் கணிதம்தான் முதன்முதலாகக் காட்டிக் கொடுக்கிறது.

அதனால் முதல் இரண்டு வாரம் புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் எடுங்கள். பின்னம், அடைப்புக்குறி விரிவாக்கம், காரணிப்படுத்துதல், சூத்திரத்தில் எழுவாயை மாற்றுதல் ஆகிய நான்கும் போதும். படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான பாடநூல்களை அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். கணக்கு தடுமாறாமல் கை பழகும்வரை போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்டுக் கத்தியைத் தீட்டாமல் நிரைக்குப் போகிறவர் யார்?

நாளுக்கு ஒரு மணி நேரம்

பாடநூலைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம், 2008 முதல் குடும்ப வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் என்றானது. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் செய்து காட்டிய கணக்குகள் உண்டு. அதைப் பல பிள்ளைகள் கதைப் புத்தகம் போல் வாசித்து, "புரிந்துவிட்டது" என்று மூடிவிடுகிறார்கள். அம்மா ரொட்டி தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கு வட்டமாகத் தட்ட வந்துவிடுமா? விடையை ஒரு தாளால் மூடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். பிறகு தாளை ஒரு வரி மட்டும் இறக்கிப் பாருங்கள். சரியென்றால் அடுத்த வரி. தவறென்றால் எங்கே பிரிந்தீர்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கணக்கு இப்படி அரை மணி நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. வாரக் கடைசியில் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் கை நிறைய எழுதுவது எத்தனையோ மேல்.

தாள் செலவை நினைத்துத் தயங்குகிறீர்களா? கணித மேதை இராமானுஜன் கும்பகோணத்தில் தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். முடிவை மட்டுமே நோட்டில் குறித்தார். பள்ளி வயதில் லோனி எழுதிய முக்கோணவியல் நூலை இரவல் வாங்கித் தாமே கற்றார். 1903இல் கார் என்பவர் தொகுத்த நூல் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் அடங்கிய நூல். விளக்கமோ மிகச் சுருக்கம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தக் கார், இலண்டனில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்! டியூசன் இரவல் புத்தகமாகக் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் எல்லாரும் இராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள், ஆகவும் வேண்டாம். அவர் கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரித் தேர்வில் தோற்று, உதவித் தொகையையும் இழந்தார். அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மலாய்ச் சொல்லும் ஒரு சூத்திரமே

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இது முக்கியம். கணக்குத் தெரிந்தும் கேள்வி விளங்காமல் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 'கெச்செருனான்' என்றால் சரிவு. 'டிபெரி' என்றால் தரப்பட்டது. 'துன்ஜுக்கான்' என்றால் நிறுவிக் காட்டு. இங்கே விடையையே கேள்வியில் கொடுத்துவிடுகிறார்கள். உங்களால் நிறுவ முடியாவிட்டாலும் அந்த விடையை வைத்து அடுத்த பகுதியைச் செய்யலாம். 'செத்தெருஸ்னியா' என்ற சொல்லோ கைகாட்டி மரம் போன்றது. சற்றுமுன் கண்ட விடையைப் பயன்படுத்தித்தான் அடுத்ததைச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அதைக் கவனியாத பிள்ளை முதலிலிருந்து வேறு வழியில் தொடங்கி, நேரத்தையும் தாளையும் வீணாக்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்குகள் அந்நியமானவை அல்ல. செம்பனையை முக்கோண நடவில் வைக்கிறார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து மூன்று மரங்களைக் கோட்டால் இணைத்தால் மூன்று பக்கமும் 9 மீட்டராக ஒரு முக்கோணம் வரும். கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை. முக்கோணப் பாடத்தின் சூத்திரப்படி அதன் பரப்பு, அரை பெருக்கல் 9 பெருக்கல் 9 பெருக்கல் சைன் 60. விடை ஏறக்குறைய 35.07 சதுர மீட்டர். ஒரு மரத்துக்கு இப்படி இரண்டு முக்கோண இடம், அதாவது 70.15 சதுர மீட்டர். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 143 மரம்! இப்போது அப்பாவிடம் போய், "ஹெக்டருக்கு எத்தனை மரம்ப்பா நிற்குது?" என்று கேளுங்கள். நடவு இடைவெளி வேறாக இருந்தால் எண்ணிக்கையும் மாறும். அதையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். அப்பா சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் அருகருகே வந்து நிற்கும்போது வரும் நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆசிரியரிடம் கேட்பதிலும் ஒரு வகை உண்டு. "சார், ஒண்ணும் புரியல" என்றால் அவர் என்ன செய்வார், பாவம்? நாற்பது பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தை முதலிலிருந்து மீண்டும் தொடங்கவா முடியும்? "சார், இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று, நீங்கள் முயன்று பார்த்த தாளோடு போங்கள். இரண்டே நிமிடத்தில் சொல்லிக் கொடுப்பார். முயன்ற பிள்ளையை விரட்டும் ஆசிரியர் குறைவு. கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படிப்பதும் நல்லதே. ஒருவர் எழுத மற்றவர் பார்த்து எழுதுவதாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது.

சோதனை மண்டபத்தில் ஒரு சின்னக் கணக்கு கைகொடுக்கும். முதல் தாள் 2 மணி நேரம், 80 மதிப்பெண். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். இரண்டிலுமே ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 6 மதிப்பெண் கேள்வியில் 9 நிமிடம் கடந்துவிட்டதா? இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். செய்முறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், முடிவு தவறினாலும் வழியை எழுதியவருக்கு ஏதாவது கிடைக்கும்; கணிப்பொறியில் தட்டி விடையை மட்டும் எழுதியவர் எல்லாவற்றையும் இழக்கலாம். இரண்டாம் தாளின் கடைசிப் பிரிவில் நான்கு கேள்விகளில் இரண்டு செய்தால் போதும், 20 மதிப்பெண். முக்கோணத் தீர்வு, விலைக் குறியீட்டு எண், நேரியல் திட்டமிடல், நேர்கோட்டு இயக்கம் ஆகியவை அங்கே வருபவை. இந்த நான்கில் இரண்டை ஆழமாகப் பழகி வைப்பது கெட்டிக்காரத்தனம். பழைய ஆண்டுக் கேள்விகளைப் படிவம் ஐந்தின் கடைசி மாதம்வரை ஒத்திப்போடாமல், ஓர் அத்தியாயம் முடிந்ததும் அந்த அத்தியாயக் கேள்விகளை அப்போதே போட்டுப் பாருங்கள்.

இனி அம்மா, அப்பாவுக்கு. "நமக்கு என்ன தெரியும், எழுதப் படிக்கவே தடுமாற்றம்" என்று ஒதுங்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல் இருப்பதும், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதும் உங்களால் முடியும். இன்னொன்றும் முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், "இன்னைக்குப் போட்ட கணக்கு ஒண்ணை எனக்குச் சொல்லுய்யா" என்று கேளுங்கள்.

"உங்களுக்குப் புரியாதும்மா."

"புரியாட்டி என்னய்யா, நீ சொல்லு, நான் கேக்கிறேன்."

சொல்லத் தொடங்கும் பிள்ளை பாதியில் திக்கி நின்றால், அந்த இடம் தனக்கே புரியவில்லை என்பது அதற்கு விளங்கிவிடும். தாய் அங்கே ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும். டியூசனே தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் பல மாதம் ஆசிரியரே இல்லாத நிலை வரலாம். பிள்ளை நோயில் கிடந்து பாடம் தவறியிருக்கலாம். அப்போது சில மாதம் அனுப்புவது நியாயமே. ஆனால் வீட்டில் கை எழுதாத பிள்ளைக்கு அங்கேயும் இன்னொருவர் எழுதுவதைப் பார்க்கும் வேலைதான். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

படிவம் நான்கின் முதல் சோதனையில் 20 மதிப்பெண் வந்தால் அன்றிரவே பாடத்தை மாற்ற எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விடைத்தாளை மேசையில் விரியுங்கள். குறி புரண்டதும் கூட்டல் பிசகியதும் சிவப்பு வட்டம். மலாய்ச் சொல் விளங்காமல் போனது நீல வட்டம். பாடமே தெரியாதது கறுப்பு வட்டம். சிவப்பை வீட்டிலேயே பயிற்சியால் தீர்க்கலாம். நீலத்துக்குச் சொற்பட்டியல் இருக்கிறது. மிஞ்சிய கறுப்பு வட்டங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, நீங்கள் முயன்ற தாளோடு, மறுநாள் ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக் கதவைத் தட்டுங்கள்.