குழந்தையின் வளர்ச்சித் தாமதம்: காலத்தே கவனிப்போம்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி உடனே முடிந்துவிடுகிறார். நாற்று வெளிறினால் விவசாயி அறுவடை வரையில் காத்திருப்பதில்லை. குழந்தை விஷயத்தில் மட்டும், ‘நாளடைவில் சரியாகிவிடும்’ என்று நாம் இருந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தோம், திரும்பவில்லை. “இன்னும் பேச்சு வரவில்லை ஐயா. இவள் அப்பனும் மூன்று வயதில்தானே பேசினான்!” என்றார் பாட்டியார். நாமும் “வந்துவிடும் அம்மா” என்று கூறிவிட்டுக் கணக்கில் ஆழ்ந்தோம். எட்டு மாதங்கள் கழித்து மீண்டும் சென்றபோது குழந்தையின் காதில் கருவி பொருத்தப்பட்டிருந்தது. செவிப்புலன் குறைவே காரணமாம். வீணான அந்த எட்டு மாதங்களில் நமக்கும் பங்குண்டு. அக்கடனைச் சிறிதேனும் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

குழந்தைகள் யாவரும் ஒரே நாளில் நடப்பதில்லை, பேசுவதில்லை. எனினும் சில எல்லைகள் உண்டு. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காமை, ஒன்பது மாதத்தில் துணையின்றி உட்காராமை, ஓராண்டு ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, 18 மாதத்தில் நடவாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை ஆகியவை கவனிக்கத்தக்கவை. முன்பு வந்த பேச்சோ பழக்கமோ மறைந்தால், எவ்வயதாயினும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவம் எதிர்பார்த்த தேதியிலிருந்து மாதங்களை எண்ணுதல் முறை.

மூளை மிக விரைந்து வளர்வது முதல் மூன்று ஆண்டுகளிலேயாம். அப்பொழுது அளிக்கும் பயிற்சி எளிதில் பதிகிறது. ஆகவேதான் காலம் இங்கே முதலீட்டைப் போன்றது.

உதவி எங்கே கிடைக்கும்? தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. பிறப்பு முதல் 18 வயது வரையிலுள்ளோர் இதில் அடங்குவர். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வந்து குழந்தைகளைச் சோதிக்கவேண்டும் என்பது இத்திட்டத்தின் ஏற்பாடு. ஐயமுள்ள குழந்தைகள் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுவர். குழு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை; அங்கன்வாடிப் பணியாளரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ நேரே அணுகலாம். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

மையத்தில் குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சு மற்றும் செவிப்புலன் நிபுணர், உளவியலாளர் முதலியோர் கூடி ஆராய்வர். பேச்சுத் தாமதமாயின் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்குமாறு கேளுங்கள். பிரசவக் குறிப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். எந்த மாதத்தில் என்ன செய்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வதும் நலம்.

“அங்கே போனால் பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள்” என்று சிலர் அஞ்சுகின்றனர். தாமதம் என்பது நோயின் பெயரன்று. காரணத்தைத் தேடுக என்னும் அறிவிப்பேயாகும். சோதனையில் குறையொன்றும் இல்லையெனில் மனநிம்மதி கிட்டும். குறை இருப்பின் காலம் கிட்டும். இரண்டும் லாபமே.

பயிற்சியில் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கவேண்டும். குழந்தையின் முகம் பார்த்துத் தறி, நாடா, தார் என்று கண்முன் உள்ளவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அது பதில் தரும் வரை பொறுத்திருங்கள். கைப்பேசியைக் கொடுத்து அமர்த்துவது இதற்கு ஈடாகாது.

தறியை நிறுத்திவிட்டு நகரம் சென்றால் ஒருநாள் கூலி போகும் என்பதை நாம் அறிவோம். இங்கேதான் கூட்டுறவு பயன்பட வேண்டும். மையத்துக்குச் செல்லும் அங்கத்தினருக்குச் சேலை ஒப்படைக்கும் தவணையைச் சில நாட்கள் நீட்டித் தரலாம். இரண்டு மூன்று குடும்பங்களை ஒரே வண்டியில் அனுப்பிவைக்கலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஆலோசியுங்கள்.

அக்குழந்தை இப்பொழுது ‘அம்மா’ என்கிறது. இனி எந்த வீட்டிலும் ‘வந்துவிடும்’ என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து வரமாட்டோம்.