மரபணு சிகிச்சை யாரைச் சென்றடையும்? – அரிவாள் செல் நோயை முன்வைத்து

2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அரிவாள் செல் நோய்க்கான இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் இந்நோயின் பெருஞ்சுமையைத் தாங்குவோர் பழங்குடியினரும், விதர்பா போன்ற பகுதிகளில் தலித்துகளும் ஆவர். ஆகவே இச்சிகிச்சை எவ்வாறு இயங்குகிறது, யாருக்குக் கிடைக்கும் என்பவை நமக்கு உரிமை சார்ந்த கேள்விகளும்கூட.

ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதை உருவாக்கும் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறுவதே இந்நோயின் மூலம். மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தாங்கொணா வலி, ரத்தசோகை, பக்கவாதம், உறுப்புச் சிதைவு ஆகியவை நேர்கின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர் பொதுவாக நோயாளி ஆவதில்லை. மாறாக, கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்புக் கிட்டுகிறது. மலேரியா மிகுந்த நிலங்களில் வாழ்ந்த மக்களிடம் இம்மரபணு நிலைபெற்றது இதனாலேயே. இதனை ஒரு சமூகத்தின் ‘ரத்தக் குறை’ என்று பேசுவது அறிவியலுக்கு முரண். மனித மாண்புக்கு இழுக்கு. இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் 1952இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

ஒப்புதல் பெற்ற சிகிச்சைகளுள் ஒன்றான காஸ்ஜெவி, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையைப் பயன்படுத்துகிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்துகின்றனர். கருவில் இருக்கும்போது சுரந்து, பிறந்தபின் அடங்கிவிடும் கரு ஹீமோகுளோபினை இத்திருத்தம் மீண்டும் சுரக்கச் செய்கிறது. அது சிவப்பணுக்கள் வளைவதைத் தடுக்கிறது. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களேனும் கடுமையான வலி நெருக்கடி ஏற்படவில்லை.

எனினும் இது எளிய சிகிச்சையன்று. திருத்திய அணுக்களுக்கு இடமளிக்க, எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களைக் கடுமையான கீமோதெரபியால் அழிக்க வேண்டும். தொற்று அபாயம் உண்டு. குழந்தைப்பேற்றுத் திறன் பாதிக்கப்படலாம். வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேரும். இனப்பெருக்க அணுக்கள் திருத்தப்படுவதில்லை என்பதால், நோயாளியின் மாறிய மரபணு பிள்ளைகளுக்குச் செல்வதும் நிற்காது. அமெரிக்காவில் இதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய்.

உள்நாட்டு முயற்சிகள் நம்பிக்கை அளிக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஹீமோபிலியா ‘ஏ’ நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை அளித்து அதன் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டனர். டெல்லியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி., அரிவாள் செல் நோய்க்குத் தான் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டியுள்ளது. பெயர் பழங்குடித் தலைவருடையது. பயன் பழங்குடியினருக்குச் சென்றடையுமா என்பதே நம் கேள்வி.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. புதிய சிகிச்சைகள் ஒடுக்கப்பட்டோரை முதலில் அணுகுவது பயனாளிகளாக அன்று, ஆய்வுப் பொருள்களாக. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், விடுதிகளில் தங்கிப் பயின்ற சிறுமியருக்குப் பெற்றோரின் இசைவின்றிக் காப்பாளர்களே கையொப்பமிட்டனர். அத்திட்டத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இன்று புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019 நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, பங்கேற்பவரின் தெளிவான இசைவு கட்டாயம். ஆய்வினால் பாதிப்பு விளைந்தால் இழப்பீடு பெறுவது அவரது உரிமை. இவ்விதிகளை நோயாளியின் தாய்மொழியில் அவர் வாழுமிடத்திற்கே கொண்டு சேர்ப்பது நம் பணி.

மரபணு சிகிச்சை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலி நெருக்கடிகளைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை விலை மலிவானது. அது ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. அது பழங்குடிப் பகுதிகளை மையமாகக் கொண்டது சரியே. ஆனால் நோய் அட்டவணை பார்த்து வருவதில்லை. பாதிக்கப்பட்ட தலித் குடியிருப்புகளும் அதில் முழுமையாக இடம்பெற வேண்டும். பரிசோதனை அட்டையோடு கடமை முடிந்துவிடாமல், தொடர் மருத்துவமும் வேண்டும்.

மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் அட்டவணையில் அரிவாள் செல் நோய் இடம்பெற்றுள்ளது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு சான்றளிக்கப்பட்டால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு உரிமை கோரலாம்.

அரசு மருத்துவமனைகளில் உரிய நேரத்தில் சிகிச்சை மறுக்கப்படுவது, அரசமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தில் உருவாகும் சிகிச்சைக்கும் இந்த அளவுகோல் பொருந்த வேண்டும். விலைக் கட்டுப்பாடு, அரசு மருத்துவமனைகளில் இலவச அளிப்பு, பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குக் கொள்கை வகுப்பில் இடம் ஆகியவற்றை, சிகிச்சை சந்தைக்கு வருமுன்பே நாம் கோர வேண்டும். விலை நிர்ணயமான பின் எழும் கோரிக்கை மனுவாகவே தேங்கிவிடும்.