கேட்பாரற்ற நிரல்: வைப்பதா, நீக்குவதா?

பரணில் கிடக்கும் பழைய பொருளை எறிய நமக்கு மனம் வருவதில்லை. ‘என்றைக்காவது உதவும், கிடக்கட்டும்’ என்கிறோம். கணிப்பொறி நிரலும் அத்தகையதே என்றுதான் நானும் முன்பு எண்ணியிருந்தேன். ஓடுகின்ற நிரலை ஏன் நீக்க வேண்டும்? லினக்ஸ் கெர்னலின் வளர்ச்சியைப் படித்த பின்னர் என் எண்ணம் மாறியது. அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பாளர் என்று கூறும் பட்டியலும் அந்நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. பொறுப்பாளர் இல்லாத பகுதியின் பெயருக்குக் கீழே ‘அநாதை’ எனப் பொருள்படும் சொல்லைக் குறித்து வைக்கிறார்கள்.

அநாதைப் பகுதி சும்மா கிடக்கக் கூடாதா? நிரல், பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரம் அன்று. அதன் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. மையப் பகுதியில் ஒன்றை மாற்றுபவர், அதைச் சார்ந்த எல்லாப் பகுதிகளையும் திருத்தியாக வேண்டும். பழைய பொறி கையில் இல்லாதபோது, திருத்தியது சரிதானா என்று அவர் எப்படிச் சோதிப்பார்?

இதைவிடப் பெரியது பாதுகாப்பு. கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியைப் பாவனையாக இயக்கும் கியூஇஎம்யு என்ற மென்பொருளில், பிளாப்பி வட்டுக்கான பகுதி 2004-இல் சேர்க்கப்பட்டது. அதிலிருந்த பிழை 2015-இல்தான் வெளிப்பட்டது. ‘வெனம்’ எனப் பெயர் பெற்ற அப்பிழையின் வழியே, உள்ளே இயங்கும் பாவனைப் பொறியிலிருந்து வெளிப்பொறிக்குள் ஒருவர் நுழைந்துவிட முடியும். பிளாப்பியை மக்கள் மறந்தே போன காலத்தில், அதன் நிரல் பூட்டாத கதவாய் இருந்திருக்கிறது!

அப்படியானால் பழையனவற்றை எல்லாம் நீக்கிவிடலாமா? அதுவும் சரியன்று. லினக்ஸ் 1991-இல் பிறந்ததே 386 செயலியின் மீதுதான். ஆயினும் அச்செயலிக்கான ஆதரவு, மற்ற வேலைகளுக்கு ஓயாத சுமையாய் இருந்தமையால், 2012-இல் நீக்கப்பட்டது. 2001-இல் வந்த இட்டானியம் செயலிக்கான பகுதி 2021-இல் அநாதையாகி, 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 பதிப்பில் இல்லாமற் போயிற்று. ஆனால் 1979-இல் தோன்றிய மோட்டோரோலா 68000 குடும்பத்துக்கான பகுதியோ இன்றும் இருக்கிறது! அதைப் பேணும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள் என்பதே காரணம். ஆகவே, வயது ஒரு நிரலின் விதியை முடிவு செய்வதில்லை. பேணுவோர் உண்டா என்பதே முடிவு செய்கிறது. லினக்சின் பிளாப்பிப் பகுதியும் 2019-இல் அநாதை எனக் குறிக்கப்பட்டது. பின்னர் ஒருவர் பொறுப்பேற்க முன்வந்தார், அது பிழைத்துக்கொண்டது.

நீக்குவதிலும் ஒரு முறை உண்டு. வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ரெய்சர்எப்எஸ் என்ற அமைப்பு நீக்கப்படும் என்று 2022-இலேயே அறிவித்தார்கள். உண்மையில் நீங்கியது 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில். அதில் தம் கோப்புகளை வைத்திருந்தவர்கள் வேறிடம் மாற்றிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றி நீக்கியிருந்தால், புதிய பதிப்புக்கு மாறியவர் தம் கோப்புகளையே திறக்க முடியாமல் திகைத்திருப்பார் அல்லவா?

நீக்கிய நிரல் அழிந்துவிடுவதும் இல்லை. கிட் என்னும் பதிவேடு பழைய வடிவங்களைக் காத்து வைக்கிறது. வேண்டுபவர் எடுத்துப் புதுப்பிக்கலாம்.

எனவே, ஒரு நிரலை நீக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பயன்படுத்துவோர் இருக்கிறார்களா? சோதித்துப் பார்க்கப் பொறி இருக்கிறதா? பிழை வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா? பயன்படுத்துவோர் இருந்தும் பதில் சொல்ல ஆள் இல்லாத நிலைதான் மிகக் கடினமானது. அங்கே ‘இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில், காவலில்லாத வீட்டிற்குக் காவல் உண்டென்று நம்பவைப்பதே அது.

நண்பர்களே, அந்த ‘அநாதை’ப் பட்டியலை எவரும் படிக்கலாம். நிரல் எழுதக் கற்கும் நம்மில் ஒருவர் அதிலுள்ள ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்றால், அதை வைப்பதா நீக்குவதா என்ற கேள்வியே எழாது.