தங்கம் வந்தது, கல்லூரி வரவில்லை!

1960-ஆம் வருஷம் ரோம் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற அமெரிக்க நீச்சல் கோஷ்டியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நம் வீட்டுப் பெண்கள் எட்டாம் வகுப்புக் கணக்கோடு மல்லாடும் வயது! பெயர் டோனா டி வரோனா.

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கிளப்பில் ஜார்ஜ் ஹெய்ன்ஸிடம் அவளுக்குப் பயிற்சி. அவள் பந்தயமோ பொல்லாதது. 400 மீட்டரை நான்காகப் பங்கிட்டு, ஒவ்வொரு நூறையும் ஒவ்வொரு விதமாக நீந்த வேண்டும். ஒன்றில் மட்டும் சூரத்தனம் காட்டினால் போதாது. 1964-ல் டோக்கியோவில் அதில் தங்கம் வென்றாள். தொடர் நீச்சலில் இன்னொரு தங்கம். அப்போது வயது 17.

அடுத்தது கல்லூரி. நீந்தும் பையன்களைக் கல்லூரிகள் உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்தன. பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. உலகை ஜெயித்தவள் 1965-ல் நீச்சலுக்கே முழுக்குப் போட்டாள்!

ஆனால் சும்மா இருக்கவில்லை. டெலிவிஷனில் விளையாட்டு வர்ணனை செய்தாள். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் கூடாதென்று 1972-ல் சட்டம் பிறந்ததும், அதைக் காக்க வாஷிங்டனில் வாதாடினாள். படிப்படியாக அந்தக் கதவு திறந்தது.

2016-ல் ரியோவில் நான்கு தங்கம் வென்ற கேட்டி லெடெக்கி, அதே வருஷம் ஸ்டான்போர்டில் சேர்ந்து கல்லூரிக்காகவும் நீந்தினாள். டோனாவுக்குக் கிட்டாதது அடுத்த தலைமுறைக்குக் கிட்டியது.