அஸ்திப் பெட்டிக்கு முன்னால் ஒரு காகிதம்

வேங்கிக்கால் என்றதும் திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். பட்டா மாற்றவும் வாரிசுச் சான்று கேட்டும் அங்கே நிற்பவர்களில் பலர், வீட்டில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். மலையை நம்பி வந்து இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டவரும் உண்டு. காடாத்து முடிந்து அஸ்தியைக் கடலில் கரைத்த பிறகு, மிச்சம் வைத்த ஒரு பிடியை மரப்பெட்டியில் வைத்து எடுத்துப்போக நினைப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆசாரியிடம் அளவு சொல்வதற்கு முன்பே இறப்பைப் பதிந்துவிடுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் அதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகும். பதிவு நடப்பது இறந்த இடத்தில்தான், வீடு இருக்கும் ஊரில் அல்ல. ஜிப்மர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் சான்றிதழ் புதுச்சேரியில்தான் கிடைக்கும். இது தெரியாமல் உள்ளூர் அலுவலகத்துக்கு அலைபவர்கள் நிறைய. பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். இறந்தவர் வெளிநாட்டவர் என்றால் காவல் நிலையத்துக்கும் அவர் நாட்டுத் தூதரகத்துக்கும் சொல்லாமல் தகனம் வேண்டாம்.

மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்றுக்குப் பணம் கேட்கக் கூடாது. பில் பாக்கிக்காக உடலைப் பிடித்து வைப்பது, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்துக்கு விரோதம். அப்படி நடந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் கலெக்டரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377.

இனி மரம். "ஜவ்வாது மலைச் சந்தனம், தெரிந்தவர் தருகிறார்" என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுங்கள். ரசீது இல்லாத சந்தனம் வனச் சட்டப்படி வழக்கு. வாங்கியவரோடு பெட்டி செய்த ஆசாரியும் மாட்டுவார். செம்மரமும் அப்படித்தான். ஈட்டி மரம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சின்னப் பொருள்களுக்குத் தளர்வு உண்டுதான். ஆனாலும் அப்பாவின் அஸ்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடம் விளக்கம் சொல்லி நிற்பானேன்? வேம்பு, பூவரசு, பலா, தேக்கு போதும்.

பெட்டியில் பார்க்க வேண்டியது, பலகை நன்றாகக் காய்ந்ததா என்பது. ஈரப் பலகையில் செய்த பெட்டி ஏசி அறையில் சுருங்கி, மூலையில் நூலிழை விரிசல் விடும். சாம்பலுக்கு அது போதும். அதனால் அஸ்தியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, துணியில் சுற்றி, பிறகு உள்ளே வையுங்கள். மூலைகளைப் பல்லோடு பல் கோத்து, மூடியைத் திருகாணியால் இறுக்கச் சொல்லுங்கள். பட்டை ஒட்டிய பலகையும் பூச்சித் துளை உள்ள பலகையும் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மரப்பொருளை இறங்கியதும் அறிவித்தாக வேண்டும். துளை கண்டால் பெட்டியைப் பிடித்து வைப்பார்கள்.

வீட்டில் இருக்கும் பித்தளைக் கலசத்தையே கொண்டுபோகலாமே என்று தோன்றும். எக்ஸ்ரே அதற்குள் புகாது. அமெரிக்க விமான நிலையங்களில் இறந்தவர் மீதான மரியாதைக்காகக் கலசத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். உள்ளே இருப்பது திரையில் தெரியாவிட்டால் அனுமதியும் கிடையாது. மரம் இந்தத் தொல்லை தராது. இறப்புச் சான்று, தகனச் சான்று இரண்டின் அசலையும் கைப்பையில் வையுங்கள். டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

சாவு வீட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை. விற்பவருக்கும் அது தெரியும். தேக்கு என்று சொல்லி வேறு மரத்தில் செய்து தலையில் கட்டினால் வாய்ச்சண்டையால் பயனில்லை. மரத்தின் பெயர், எடை, விலை மூன்றும் பில்லில் இருக்கட்டும். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அல்லது 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.