திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் மடம்

பனங்காடு மண்டிக் கிடந்த ஊரைத் துறவி ஒருவர் திருத்தலமாக்கிய வரலாறு நம் செங்கற்பட்டுச் சீமைக்கு உண்டு. திருப்போரூர் முருகன் கோயில் முன்பு ஆறு முறை அழிந்ததென்பது செவிவழிச் செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் மதுரையினின்று வந்த சிதம்பர சுவாமிகள், பனையடியில் மறைந்திருந்த திருவுருவைக் கண்டு, இன்றுள்ள கோயிலை எழுப்பினார் என்பர். கந்தசுவாமி மீது 726 பாடல் கொண்ட சந்நிதி முறையும் அவர் பாடியதே.

அவர் வாழ்ந்த மடமும் அவர்தம் சமாதியும் அணித்தேயுள்ள கண்ணகப்பட்டில் இருக்கின்றன. வைகாசி விசாகத்தில் குருபூசை நடைபெறும்.

சுவாமிகள் வீரசைவ மரபினர். பேரூர்ச் சாந்தலிங்கரின் மாணாக்கர் விருத்தாசலம் குமாரதேவர். குமாரதேவரின் மாணாக்கர் இவர். சாந்தலிங்கரின் 'கொலை மறுத்தல்' நூலுக்கு உரை வகுத்தவரும் இவரே.

மேனாட்டு ஒப்புமை ஒன்றை ஈண்டு நோக்குவோம். மாஞ்செஸ்டர் பஞ்சாலையில் உழைத்த ஆன் லீ அம்மையார் 1774-இல் அமெரிக்கா சென்றார். அவர் வழிவந்த ஷேக்கர் கூட்டத்தார் பிரமசரியம் காத்தனர், உடைமையைப் பொதுவாக்கினர், துடைப்பமும் நாற்காலியும் செய்தனர், விதைகளைக் காகித உறையிலிட்டு விற்றனர். 19-ஆம் நூற்றாண்டில் சில ஆயிரவராக இருந்தோர் இன்று மேய்ன் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்தம் ஊர்கள் பல காட்சிச்சாலைகளாயின.

துறவிக்கு மாணாக்கரே வழித்தோன்றல். வருவோர் நின்றால் கட்டடம் மட்டுமே எஞ்சும். கண்ணகப்பட்டிற்கு உயிர் அங்குக் கூடும் அடியவரே. ஆதலின் திருப்போரூர் செல்லும் அன்பர்கள் கோயிலோடு திரும்பாது, மடத்தையும் கண்டு வருவார்களாக.